அம்மா அவிழ்த்த சுவடிக்கட்டு

அம்மா போய் ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களும் நண்பர்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால், சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுகிற சுபாவம் அவருக்கு. அவரைப் பற்றி அழுதுகொண்டே எழுத எனக்கு வரவில்லை.

அம்மா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். தமிழாசிரியராக இருந்த அவருடைய தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டார். அத்தை வீட்டில் வளர்ந்து, விடுமுறைக்கும் ஊருக்குப் போகாமல் கல்லூரி விடுதியிலேயே தங்கி, சின்னச் சின்ன வேலைகள் செய்து தமிழ் எம்.ஏ. முடித்தார். பிறகு திருவனந்தபுரம் கரமனையில் அப்பாவின் வீட்டுக்கு நாட்டுப்பெண்ணாக வந்தார். மருமகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வந்த சில வருஷங்களில் நகரத்தில் ஒரு சுவடி நூலகத்தில் வேலை கிடைத்தது.

ஏடுகளைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசுவார்களே, அந்தப் புல்தைல வாசனையோடுதான் அம்மா தினமும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவார். வீட்டுக்கு வந்ததும், அன்று படித்த ஏட்டில் என்ன இருந்தது என்று தோசை வார்த்துக்கொண்டே சொல்வார். ஒருமுறை வைத்தியச் சுவடியில் தலைவலிக்குச் சொல்லியிருந்த பற்று ஒன்றை அரைத்து அப்பாவின் நெற்றியில் போட்டுவிட்டார். தலைவலி போகவில்லை, தோல்தான் உரிந்தது. அப்பா கத்தினார். "அந்தக் காலத்து மனுஷாளுக்கும் இதே மாதிரி தலை வலிச்சிருக்கு பாருங்கோ, அதாக்கும் விசேஷம்" என்றார் அம்மா. பழைய காலம் என்றால் அவருக்கு ராஜாவும் யுத்தமும் இல்லை. பல்வலிக்காரர்களும் கடன் கேட்டு வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும்தான்.

எங்கள் வீட்டிலும் ஒரு சுவடிக்கட்டு இருந்தது. சிவப்புப் பட்டில் சுற்றி, சரஸ்வதி பூஜைக்குப் புத்தக அடுக்கின் உச்சியில் வைத்து, தாத்தா அதற்குத் தனியாகத் தீபாராதனை காட்டுவார். ஆசாரமில்லாமல் பிரித்தால் வீட்டுக்கு ஆகாது என்று தாத்தாவின் அப்பா சொல்லிவைத்ததால் ஒருவரும் அதைப் பிரித்ததில்லை. "எங்க முப்பாட்டனார் எழுதின வேதாந்த வியாக்கியானம்" என்று தாத்தா தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். தெருவும் நம்பியது.

நான் கல்லூரியில் படித்தபோது, அம்மாவின் ஆபீஸில் வீடுகளிலுள்ள சுவடிகளைப் படமெடுத்துப் பட்டியலில் சேர்க்கும் வேலை தொடங்கியது. தாத்தா தாமே முன்வந்து கட்டைக் கொடுத்தார். விஜயதசமிக்குத் தெருவையே அழைத்து, எல்லோர் முன்னாலும் முதல் ஏட்டைப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. "முப்பாட்டனார் பேரைத் தெளிவா போடணும், கேட்டியா" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நவராத்திரிக்கு முன்னால் ஒரு காலையில் குளித்து மடியாக வந்து அம்மா கட்டைப் பிரித்தார். முதல் ஏடும் கடைசி ஏடும் பூச்சி தின்று பொடியாகியிருந்தன. உள்ளே இருந்தவற்றைத் துடைத்து, விளக்குக் கரியைத் தடவினார். எழுத்து தெளிந்து வர வர அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வியாக்கியானமும் இல்லை, வேதாந்தமும் இல்லை. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடும் பாட்டுகள். எனக்குப் படித்துக் காட்டினார்:

அப்பளத்தை எண்ணிவைத்தாள் சம்பந்தி அம்மாள் – அவள்
அசந்தநேரம் எடுத்துத்தின்றார் சம்பந்தி ஐயர்

தோணியில் வந்த மாப்பிள்ளை வீட்டார் வாந்தியெடுத்தது, பல்லக்கிலேயே மாப்பிள்ளை தூங்கி வழிந்தது, ரசத்தில் மிளகு காரம் என்று நாத்தனார் மூக்கைச் சிந்தியது, எல்லாம் இருந்தது. ஒரு பாட்டின் முடிவில், "மாமியார் கண்ணயர்ந்த வேளையில் எழுதியது. பிழையிருந்தால் சிரித்துக்கொண்டே திருத்தவும்" என்று இருந்தது. அதைப் படித்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றது. "இது ஒரு நாட்டுப்பெண் எழுதினதுடி. இந்த ஆத்துக்கு வந்தவ. பேரு அந்தப் போன ஏட்டுல இருந்திருக்கும்" என்றார்.

அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது. "அப்பாக்கு வயசாச்சு. தெருவையே கூப்பிட்டிருக்கார். ஏதோ ஸ்தோத்திரம்னு சொல்லிடேன், என்ன கொறஞ்சு போறது?" என்றார்.

"கொறஞ்சு போறது அவளாக்கும். பேரு ஏற்கெனவே போயாச்சு. இனி எழுதினதும் அவ இல்லைன்னு ஆயிடும்" என்றார் அம்மா.

ஆனாலும் ஊர் முன்னால் மாமனாரைத் தலைகுனிய வைக்க அவருக்கு மனமில்லை. இரண்டு நாள் தவித்தார், சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் நாள் காலை, தாத்தா காபி குடித்து முடிக்கக் காத்திருந்து, எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தார். "மாமா, சுவடியில இருக்கறதைப் பாடறேன், கேளுங்கோ" என்று சொல்லி அப்பளப் பாட்டைப் பாடி, மாமியார் கண்ணயர்ந்த வேளையில் எழுதியது என்ற குறிப்பையும் படித்துக் காட்டினார்.

தாத்தாவின் முகம் சிவந்தது. "இதுக்காக்கும் நான் இத்தனை வருஷம் தீபாராதனை காட்டிண்டிருந்தேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றியதும் தாத்தா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். "அந்த அப்பளத்தை இன்னொரு தரம் பாடு" என்றார். அம்மா பாடினார். இரண்டாவது அடியில் தாத்தாவின் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. இருமல் வருகிற மாதிரி சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, "மாமியார் தூங்கறச்சேதான் எழுத முடிஞ்சுது போலிருக்கு பாவம், அந்தக் குழந்தைக்கு" என்றார். நாங்கள் எல்லோரும் அன்று ராத்திரி இரட்டைச் சாப்பாடு சாப்பிட்டோம்.

விஜயதசமியன்று தாத்தாவே தெருவார் முன்னால் எழுந்து நின்றார். "வியாக்கியானம்னு சொன்னேன், அது தப்பு. எங்காத்து நாட்டுப்பெண் எழுதின பாட்டாக்கும் இது" என்று அறிவித்தார். பாதிப் பேர் அம்மாதான் எழுதியதாக நினைத்துக்கொண்டு, அடுத்த முகூர்த்தத்திலிருந்தே தங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பாட அழைத்தார்கள். அம்மா திருத்திச் சொல்லிச் சொல்லிக் களைத்தார், ஆனால் ஒரு கல்யாணத்தையும் விடவில்லை. பூஜையிலிருந்து சுவடியை எடுத்துவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "சரஸ்வதிக்குச் சிரிப்பு வராதுன்னு யார் சொன்னா?" என்று தாத்தா ஒரே போடாகப் போட்டார்.

ஆபீஸ் பட்டியலில் 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று போட்டால் போதும் என்று மேலதிகாரி சொன்னார். அம்மா பலநாள் வாதாடினார். கடைசியில், "இவ்வீட்டு நாட்டுப்பெண் ஒருவர் இயற்றியது, பெயர் உள்ள ஏடு அழிந்தது" என்று பதிவாயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வரியைப் பற்றித்தான் அம்மா பெருமையாகப் பேசுவார்.

என் கல்யாணத்தில் அப்பளப் பாட்டை என் மாமியாருக்கு நேராக நின்று பாடினார். அந்த நிமிஷம் என் மாமியார் நிஜமாகவே அப்பளக் கூடையின் பக்கத்தில் நின்றிருந்தார். நான் பயந்து போனேன். அவரோ பதிலுக்கு ஒரு பாட்டை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் சம்பந்திகள் இருவரும் எங்களை மறந்துவிட்டு, மாதம் தவறாமல் ஒன்றாகக் கோவிலுக்குப் போனார்கள்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு இதயம் தளர்ந்து, படுக்கையிலிருந்து எழ முடியாமல் போயிற்று. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. மருந்து சாப்பிட்டாச்சா என்று நர்ஸ் மலையாளத்தில், "அம்மே, மருந்நு கழிச்சோ?" என்று கேட்டால், "கழிச்சு, கழிச்சு. இனி ஒரு பாயசம் கொண்டு வா" என்பார். ஒரு காலை வேளையில், அப்பாவின் கையைப் பிடித்தபடியே, அமைதியாகப் போய்விட்டார். அம்மா இல்லாத வீட்டில் அவர் சிரிப்பு கேட்காதது எனக்கு இன்னும் பழகவில்லை.

பாயசத்தை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கொடுத்த அந்த நர்ஸுக்கும், பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைத் தன் அடுப்பாகப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு ஓமனச் சேச்சிக்கும், கர்மாக்களைக் குறைவின்றி நடத்தித் தந்த வாத்தியாருக்கும், அம்மாவின் நூலக நண்பர்களுக்கும், பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்தன்று அப்பளப் பாட்டைத் தயங்கித் தயங்கி ஆரம்பித்துப் பிறகு உரக்கவே பாடிய எல்லாப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணா படித்துப் பார்த்தார். "நினைவு மலர்ல அம்மான்னுதானே எழுதுவா. பேரை எதுக்குடி கட்டுரைக்குள்ள சொருகறே? அட்டையில பெரிசா போட்டிருக்கே" என்றார்.

"அட்டைதான் அண்ணா மொதல்ல போகும்" என்றேன்.

அண்ணா தாமே அச்சகத்துக்குப் போன் செய்து, இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

எங்கள் அம்மாவின் பெயர் விசாலாட்சி.