காலி வாளியின் சத்தம்

குஞ்சு ஷெட்டின் வாசல் ஆணியில் எப்போதும் முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு நீலச் சட்டை தொங்கும். அதை மாட்டாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, என் மாமியார் உட்பட. புதுச்சத்திரத்துப் பக்கம் எங்கள் கோழிப்பண்ணையில் அதுதான் முதல் சட்டம். வந்த நாளிலிருந்து குஞ்சுகள் பார்த்தது அந்த நீலத்தை மட்டும்தான். வேறு நிறம் தெரிந்தால் மிரளும். மிரண்டால் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கிய நாய்க்குப் பிறகு மணிச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும் என்ற பாடத்தை ஒரு நாள் வீட்டுக்காரரிடம் பெருமையாக விளக்கினேன்.

"இதுக்குப் போயி ஒரு பொஸ்தகமா? எங்கம்மா வாளியத் தட்டுனா குஞ்செல்லாம் ஓடியாரதில்லையா?" என்று சிரித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வேறு சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

உளவியல் தேர்வு அன்று காலை ஆரஞ்சு நிறப் புதுச்சேலை கட்டி, சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர் தீவனம் எடுக்க நாமக்கல் போயிருந்தார். தோட்டத்துக் கோடியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"டேங்கு ரொம்பி வழியுது சாமி, மோட்டார நிறுத்திப்போட்டுப் போ."

சுவிட்ச் குஞ்சு ஷெட்டுக்குள் இருந்தது. ஒரு நொடி வேலைதானே என்று சட்டையை மாட்டாமல் நுழைந்தேன்.

சுவிட்சில் கை வைப்பதற்குள் கீச்சுச் சத்தம் மொத்தமாக நின்றுபோனது. அடுத்த கணம் ஆயிரம் குஞ்சுகளும் எதிர்மூலைக்குப் பாய்ந்தன. சுவரோரம் முழங்கால் உயரத்துக்குக் குவியல் ஏறியது. மேலே இருந்தவை இன்னும் மேலே ஏறப் பார்த்தன.

பிரித்துவிடலாம் என்று பதறி ஓடினேன். ஓட ஓடக் குவியல் இன்னும் இறுகியது. அப்போதுதான் உறைத்தது, அவை பயந்து ஓடியதே என்னைப் பார்த்துத்தான்.

வெளியே வந்தேன். சேலைக்கு மேலே நீலச் சட்டையை மாட்டினேன். பித்தானைக் கழுத்து வரை போட்டேன். தலைப்பைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டேன். அடியில் இருப்பவற்றுக்கு எவ்வளவு நேரம் மூச்சு இருக்கும் என்று தெரியவில்லை. வாசலில் கிடந்த வாளியை எடுத்தேன். அது காலி. தீவன அறைக்கு ஓடிப்போய் வர நேரமில்லை. உள்ளே போய், மாமியார் தட்டுவது போலவே விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினேன். குவியலின் உச்சியில் ஒரு தலை திரும்பியது. அது குதித்து இறங்கி என்னை நோக்கி வந்தது. பின்னாலேயே பத்து, அப்புறம் நூறு. குவியல் கரைந்து என் காலடிக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூலையில் பதினேழு மட்டும் எழவில்லை.

மாமியார் வந்து மூலையைப் பார்த்தார். சட்டைக்குக் கீழே தெரிந்த ஆரஞ்சைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வெறும் வாளியவா தட்டுன?"

"ஆமாங்க அத்தை."

"அப்ப தீவனத்தப் போட்டுப்போட்டுப் போ. இன்னைக்கு ஏமாத்துனா நாளைக்குத் தட்டறப்ப வராதுங்க."

போட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, அவை தின்று முடிக்கும் வரை நகரவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தேன். முந்தானையில் தீவனத் தூசி ஒட்டியிருந்தது.

பழக்கத்தால் கற்றல் பற்றித்தான் முதல் பெரிய கேள்வி. விளக்கம் எழுதிவிட்டு, சொந்த அனுபவத்திலிருந்து ஓர் உதாரணமும் தர வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன: தட்டினால் ஓடி வரும் குஞ்சுகள், வேறு நிறத்தைப் பார்த்தாலே மிரண்டு ஓடும் குஞ்சுகள். பேனாவை எடுத்ததும் அந்த மூலைதான் கண்ணில் வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் நாய் இருந்ததில்லை.