தடை கேட்கும் பதினோரு விநாடி

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவின் மாடியில் உட்கார்ந்து ஷீலா பதினான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறாள். சிவகிரி, ராயகிரி, மேலநீலிதநல்லூர் என்று சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள் கையால்தான் தாலி ஏறியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் எந்த வீடியோவின் கடைசியிலும் அவள் பெயர் வந்ததில்லை. ஸ்டூடியோ பெயர் வரும், முதலாளியின் செல் நம்பர் வரும், சிறகடித்து இரண்டு புறா வரும். புறாவுக்கு இருக்கிற மரியாதைகூட நமக்கு இல்லையே என்று அவளுக்கு உள்ளூர ஒரு வயிற்றெரிச்சல் உண்டு.

அதனால்தான் மொபைல் கடை பிரவின்ராஜ் தன் குறும்படத்தை எடிட் செய்யக் கொண்டுவந்தபோது, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசில 'படத்தொகுப்பு: ஷீலா'ன்னு தனியா ஒரு கார்டு போடணும்ல. மூணு செகண்டு நிக்கணும்."

"இது போட்டிக்கு அனுப்புத படம்க்கா. பாக்கவங்களுக்குப் பயம் வந்தா உங்க பேரு. வரலைன்னா மதுரையில ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட குடுத்திருவேன்."

திங்கட்கிழமை கடைசி நாள். படம் நாலு நிமிடம். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண், பட்டப்பகலில் பின்கதவுக்கு வெளியே எவனோ நிற்பதை உணர்கிறாள். கதை அவ்வளவுதான். ஷீலா தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் இறக்கினாள். முதல் விநாடியிலிருந்தே தடதடவென்று இசை. கதவு ஆடும்போது ஸ்லோமோஷன். வெளியே நிற்பவனுக்கு இரண்டு குளோசப் வேறு. கல்யாண வீடியோவில் ஒரு மாமா முகம் விட்டுப்போனால் தேடி வந்து சண்டை போடுவார்களே, அந்தப் பழக்கம் லேசில் போகுமா?

வியாழக்கிழமை பிரவின்ராஜ் வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். பரீட்சை வைக்கிற ஆள் அவன் அம்மா ஞானபூரணம். அவள் பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். படம் முடிவதற்குள் பூண்டும் முடிந்துவிட்டது.

"மியூசிக் நல்லாருக்கு ஏட்டி. அந்தப் பையன் யாரு, லட்சணமா இருக்கான்?"

லட்சணமாக இருந்தவன்தான் பின்கதவுக்கு வெளியே நின்ற கொலைகாரன். பிரவின்ராஜ் போனை எடுத்து மதுரை நம்பரைத் தேடினான். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஷீலா கெஞ்சினாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

சனிக்கிழமை காலை ஏஞ்சல் என்ற பெண்ணுக்குச் சர்ச்சில் கல்யாணம். கேமராமேன் ஒருவர் வராததால் ஷீலாவே இரண்டாவது கேமராவோடு முன்னால் ஓரமாக நின்றாள். ஆராதனை நடுவில் போதகர் வழக்கம்போல, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

எடிட்டிங்கில் அந்த இடம் வந்தால் ஷீலா யோசிக்காமல் வெட்டிவிடுவாள். ஒன்றும் நடக்காத இடம். வீட்டாரும் அதை இன்னொரு தடவை பார்க்க விரும்பமாட்டார்கள். எத்தனையோ கல்யாணத்தில் அவளும் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் எல்லோரையும் போல அப்போது வாசல் பக்கம்தான் பார்ப்பாள். இன்றைக்குக் கையில் கேமரா இருந்ததால் முகங்களைப் பார்த்தாள்.

ஃபேன் கிறீச்சிடுவது கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள், நாலு வரிசை திரும்பியது. மாப்பிள்ளையின் அப்பா கர்ச்சீப்பைக் கசக்கிப் பிடித்திருந்தார். ஏஞ்சல் மூச்சே விடவில்லை. கேமராவில் பதினோரு விநாடி ஓடியது. வாசலில் ஆள் இல்லை, ஆர்கன் ஒலிக்கவில்லை, ஆனாலும் ஷீலாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"அடி கூறுகெட்டவளே! இதையால்லா வெட்டி வெட்டி எறிஞ்சிருக்கே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பந்திக்குக்கூட நிற்காமல் ஸ்டூடியோவுக்கு ஓடினாள். முதலில் இசையை மொத்தமாக எடுத்தாள். படம் பிடித்த இடத்தில் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் தானாகவே பதிவாகியிருந்தது. அதை ஓடவிட்டு, அந்தப் பெண் திரும்புகிற இடத்தில் டக்கென்று நிறுத்தினாள். நாள் முழுக்கத் தறி ஓடுகிற இந்த ஊரில் அது நின்றால் யாருக்கும் தலை நிமிரும். வெளியே நின்றவன் முகத்தைத் தூக்கியெறிந்தாள். நடித்த ஜெயசித்ரா, 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் அடுத்து என்ன என்று தெரியாமல் கதவையே பார்த்து நின்ற துண்டு ஒன்று வேண்டாமென்று ஒதுக்கியதில் கிடந்தது. அதை எடுத்துப் போட்டாள். அடுத்து தாழ்ப்பாள் மட்டும். மறுபடி ஜெயசித்ரா முகம். வெட்டத் துடித்த விரலை மடியில் வைத்துக்கொண்டு பதினொன்று வரை எண்ணினாள். தாழ்ப்பாள் மெல்ல அசைந்ததும் படத்தை முடித்தாள். கடைசியில், ஆனது ஆகட்டும் என்று தன் பெயர்க் கார்டையும் ஒட்டினாள்.

சாயங்காலம் ஞானபூரணம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே உட்கார்ந்தாள். படத்தில் தறி நின்றது. அவள் கையும் நின்றது. பிரவின்ராஜ் படத்தை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாள் அசைந்ததும் அவள் எழுந்தேவிட்டாள்.

"ஏலே, நம்ம பின்வாசலச் சாத்துனோமா இல்லியா?"

மடியில் இருந்த கீரையெல்லாம் தரையில் சிதற அடுப்படிப் பக்கம் விரைந்தாள். "எம்மா, அது படம்மா!" என்று சிரித்தபடி பிரவின்ராஜும் பின்னால் ஓடினான்.

திரையில் கார்டு வந்தது. படத்தொகுப்பு: ஷீலா. கேட்டபடி மூன்று விநாடி நின்றது. அதைப் படிக்க அந்த அறையில் ஷீலாவைத் தவிர ஒருவரும் இல்லை. பதினான்கு வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. உள்ளே ஞானபூரணம் தாழ்ப்பாள் போடுவது கேட்டது. ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் போட்டாள்.