வியாழக்கிழமை விசாரணை

காவலாளி கேட்பதற்கு முன்பே ஜெகதீஸ்வரி பிளாஸ்கைத் திறந்து, மூடியில் கொஞ்சம் தேநீர் ஊற்றி, ஒரு மிடறு குடித்துக் காட்டிவிடுகிறார். தென் லண்டனின் அந்த நீதிமன்ற வாசலில் அது விதி. உள்ளே கொண்டுபோகிற எந்தப் பானத்தையும் கொண்டுவந்தவரே அங்கே நின்று குடிக்க வேண்டும். உள்ளே இருப்பது திராவகம் அல்ல என்பதற்கு, குடித்தவர் உயிரோடு நிற்பதுதான் அத்தாட்சி. பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்துவார்; காவலாளி க்வாமே ஒரு கருவியால் மேலிருந்து கீழ்வரை தடவுவார். கடைசியாகக் கைப்பை. அதற்குள் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். போன வியாழனும் இருந்தது. "ஆன்ட்டி, மறுபடியுமா?" என்று அலுத்துக்கொண்டே க்வாமே அதை ஒரு தட்டில் போட்டுத் தடுத்து வைப்பார். மத்தியானம் பிணை ஏதுமில்லாமல் விடுவிப்பார்.

ஜெகதீஸ்வரி மீது வழக்கு எதுவும் இல்லை. அவர் சாட்சியுமல்ல, சட்டத்தரணியுமல்ல. லண்டனின் சட்டன் பகுதியில் தன் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறவர். நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் நேரே சுவரில் ஒட்டியிருக்கிற அன்றைய வழக்குப் பட்டியலுக்குப் போவார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, துணியில் மடிப்புத் தேடுகிற அதே விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வருவார். தமிழ்ப் பெயர் வந்தால் விரல் நின்றுவிடும். வராவிட்டால் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். அதை உடனே இனப்பெருமையாக மாற்றிக்கொள்வார்: "இண்டைக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நல்ல சனம்."

இந்த அலுவல் பிளவுஸிலிருந்துதான் தொடங்கியது. கலியாணத்துக்குத் தைக்க வருகிற தாய்மார் அளவு கொடுக்கும்போது கதை கொடுப்பார்கள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற மனிசி பொய் சொல்லமாட்டாள் என்பது ஜெகதீஸ்வரியின் தொழில் அனுபவம். பொலிஸாருக்கும் அதே அனுபவம் இருக்கக்கூடும். மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, வீட்டுக் கடன், குடி, முந்தைய காதல் எல்லாவற்றையும் அந்தத் தாய்மார் ஏற்கனவே அறிந்திருப்பார்கள். ஒன்று மட்டும் தெரியாமல் நெஞ்சில் கிடந்து உறுத்தும். "பொடியனைப் பொலிஸ் எப்பவாவது பிடிச்சதோ தெரியேல்லை, அக்கா. ஆரிட்டைக் கேக்கிறது?"

ஆரிடமும் கேட்க முடியாது என்பதுதான் ஜெகதீஸ்வரிக்கு இந்த நாட்டின்மேல் இருக்கிற பெரிய குறை. அவருடைய தங்கை கல்யாணி அமெரிக்காவில், ஒர்லாண்டோவில் இருக்கிறார். அங்கே பெயரைத் தட்டினால் போதும். பிடிபட்டவனின் படம், உயரம், நிறை, இடது தோளில் பச்சை குத்தியிருக்கிற டிராகன் வரைக்கும் கைபேசியில் வந்து விழும். "சாதகக் குறிப்பிலை கூட இவ்வளவு விபரம் இல்லை. அதெல்லோ நாடு!" என்பார் ஜெகதீஸ்வரி. லண்டனுக்கு வருமுன் பதினான்கு வருடம் ஜெர்மனியில் இருந்தவர். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டாலே, எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். அதைவிட இது பரவாயில்லை என்றுதான் வந்தார். வந்து பார்த்தால், "இஞ்சை பொலிஸே பிடிச்சவனை ஒளிச்சு வைக்குது."

ஒருமுறை பொலிஸ் நிலையத்துக்கே போய், பிடிபட்டவர்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மேசையில் இருந்த இளம் அதிகாரி பரிவோடு, "உங்கள் வீட்டில் யாரையாவது காணவில்லையா?" என்றார்.

"இல்லைத் தம்பி. அவர் இனித்தான் வீட்டுக்கு வரப்போறார். அதுக்கு முதல் உங்களிட்டை வந்து இருந்தவரோ எண்டு பாக்கத்தான்."

கைதானவர் எல்லாம் குற்றவாளி அல்ல, ஆகவே அந்தப் பெயர்களை வெளியே கொடுக்க மாட்டோம், நீதிமன்றத்தில் நடப்பது மட்டும்தான் பகிரங்கம், அங்கே யாரும் போய் உட்காரலாம் என்று அதிகாரி விளக்கினார். அவரை அனுப்பி வைப்பதற்காகச் சொன்னது. ஜெகதீஸ்வரி அதை அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

அன்று பிறந்ததுதான் அவருடைய முறை. ஒரு மாப்பிள்ளையின் பெயர் மூன்று வியாழக்கிழமை பட்டியலில் வராவிட்டால் பொடியன் சுத்தம். வெள்ளிக்கிழமை கோயில், சனி ஞாயிறு தையல்காரிக்கு ஓய்வில்லாத நாட்கள், திங்கள் முதல் புதன் வரை வெட்டுவது தைப்பது. ஆகவே வியாழன் தவிர்ந்த நாட்களில் நீதிமன்றம் ஏறியவர்கள் தப்பினார்கள். லண்டனில் வேறு நீதிமன்றங்களும் இருக்கின்றன என்று கணவர் சிவானந்தன் ஒருமுறை நினைவூட்டினார். "எல்லாத்துக்கும் போக நானென்ன நீதவானோ?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனாலும் தாய்மார் நம்பினார்கள். "ஜெகாக்கா பாத்திட்டா" என்றால் தாலிக்குப் பொன் உருக்கலாம்.

பொதுமக்கள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். கூண்டில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் மனம் இளகும். கடையில் மதுப்போத்தல் திருடியவனின் சட்டையில் பொத்தான் இல்லாததைக் கண்டு, "தாய் இல்லாத பிள்ளை போல" என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரிக்குத் தமிழிலேயே சொல்வார். நீதவான் தண்டம் விதித்தால் உச்சுக் கொட்டுவார். குற்றவாளிகளுக்கு அவரிடம் எப்போதும் மன்னிப்பு உண்டு. மாப்பிள்ளைகளுக்குத்தான் கிடையாது.

இந்த வருடம் அவருடைய ஒரே மகளின் முறை வந்தது. லக்‌ஷிகா பல் வைத்தியர். மாப்பிள்ளை றமணன் ஸ்ட்ரெதத்தில் இருக்கிற பொறியியலாளர்; அவளே தேடிக்கொண்டவன். "அம்மா, ஐ நோ ஹிம். ரெண்டு வருசமாத் தெரியும்" என்றாள் மகள்.

"நீ பழகினனி. நான் விசாரிக்க வேணும்."

இரண்டு வியாழன் கழிந்தது. றமணனின் பெயர் வரவில்லை. மூன்றாம் வியாழன் விரல் பட்டியலில் இறங்கும்போது நின்றது. பெயர் றமணனுடையது அல்ல. விஜயரத்தினம். றமணனின் தாய்மாமன். போன மாதம் பெண் பார்க்க என்று வந்து, கட்லட்டைப் புகழ்ந்து நாலு சாப்பிட்டுவிட்டு, இந்தக் காலத்துப் பொடியங்களுக்குச் சட்டத்துக்குப் பயமில்லை என்று ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போனவர். நாலு மாதமாகக் கார் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியதாக வழக்கு. தான் குற்றவாளி இல்லை என்று வாதாடத் தானே வந்திருந்தார். வாதாடி முடித்துத் திரும்பியபோது, பொதுமக்கள் இருக்கையில், மடியில் பிளாஸ்கோடு சம்பந்தியம்மா.

இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை என்று கண்களாலேயே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஜெகதீஸ்வரி அதைக் காப்பாற்றினார். அவருடைய விசாரணை மாப்பிள்ளைக்குத்தான், மாமனுக்கு இல்லை. வாசலில் கத்தரிக்கோலை வாங்கும்போது, "அடுத்த வியாழன் பார்ப்போம், ஆன்ட்டி" என்று க்வாமே சொன்னதை மட்டும், பின்னால் பதுங்கி வந்த விஜயரத்தினம் கேட்டுவிட்டார்.

அவர் முந்திக்கொண்டார். அன்று பின்னேரமே அக்காவும் றமணனின் தாயுமான கமலாம்பிகைக்குச் செய்தி போனது. ஒரு சிநேகிதனுக்கு மொழிபெயர்க்கப் போன இடத்தில் கண்டாராம். பெண்ணின் தாய் ஒவ்வொரு வியாழனும் கோர்ட்டுக்கு வருகிறாராம். வாசல் காவலாளிக்கே பழக்கமாம். ஏதோ பெரிய கேஸ்.

இரவு லக்‌ஷிகா கைபேசியோடு முன்னறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "றமணன்ட அம்மா கலியாணத்தை நிப்பாட்டச் சொல்றா. அம்மா, வட் டிட் யூ டூ?"

ஜெகதீஸ்வரி நடந்ததைச் சொன்னார். மகள் கதிரையில் சரிந்தாள். "றமணன்ட பேரைத் தேடியோ போனீங்கள்? அதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவ உயிரோடை விடமாட்டா."

"அப்ப மாமனைச் சொல்லவோ?"

"அவர்தானே அப்பா இல்லாத வீட்டிலை எல்லாம். அவரை அவமானப்படுத்தினால் றமணனே வரமாட்டான்." அம்மா மீது வழக்கு இல்லை என்று காட்ட அவள் கைபேசியில் வழி தேடினாள். ஒருவர் தன்னைப் பற்றிய பொலிஸ் விவரத்தைத் தானே கேட்டு வாங்கலாம் என்று அதில் இருந்தது. வருடக்கணக்காக ஊரார் பிள்ளைகளின் கைதைத் தேடிய ஜெகதீஸ்வரிக்கு இந்த நாடு காட்டச் சம்மதிக்கிற பொலிஸ் விவரம் ஒன்றே ஒன்று, அது ஜெகதீஸ்வரியுடையது. அதுவும் வந்துசேர நாள் எடுக்கும். கமலாம்பிகையோ ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

"அம்மா, இது குழம்பினால் நான் வேறை ஆரையும் கட்டமாட்டன்" என்று சொல்லிவிட்டு மகள் மாடிக்குப் போனாள். அன்று அந்தத் தையல் இயந்திரம் வெறும் துணியில் நெடுநேரம் ஓடியது.

ஞாயிறு பின்னேரம் கமலாம்பிகை வந்தார். துணைக்குத் தம்பி விஜயரத்தினம். அவருக்கு வர விருப்பமில்லை என்பது சப்பாத்தைக் கழற்ற எடுத்துக்கொண்ட நேரத்தில் தெரிந்தது. கமலாம்பிகை உட்கார்ந்தும் உட்காராமலும் தொடங்கினார்.

"அக்கா, நான் மனசுக்குள்ளை வைச்சிருந்து கதைக்கிற ஆள் இல்லை. நேரை கேக்கிறன். உங்களுக்குக் கோர்ட்டிலை என்ன கேஸ்?"

ஜெகதீஸ்வரி விஜயரத்தினத்தைப் பார்த்தார். அவர் மூலையில் நின்ற தையல் பொம்மையின் கழுத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல அதையே வாசித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் புதினம் எதையும் ஒரு நாளுக்குமேல் வயிற்றில் வைத்திருந்து பழக்கமில்லாத ஜெகதீஸ்வரி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவின் இரண்டு நுனிகளையும் சமமாக இழுத்துவிட்டார்.

"அதை ஏன் கேக்கிறியள்! கார் இன்சூரன்ஸ். முடிஞ்சதைக் கவனிக்கேல்லை. நாலு மாசம் அப்பிடியே ஓடித் திரிஞ்சிட்டன். பொலிஸ் மறிச்சுப்போட்டான்."

குசினி வாசலில் பலகாரத் தட்டோடு வந்த சிவானந்தன் அப்படியே நின்றார். அந்த வீட்டில் கார் ஓட்டுகிறவர் அவர் மட்டுமே. மனைவிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து பிரேக் பிடிக்கத்தான் தெரியும். லக்‌ஷிகாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அதுக்கு ஒவ்வொரு வியாழனுமோ?" கமலாம்பிகை விடவில்லை.

"தவணை போட்டுப் போட்டு அலைக்கழிக்கிறாங்கள். நானும் குற்றவாளி இல்லையெண்டு வாதாடிப் பாத்தன். நீதவான் கேக்கேல்லை. என்ன, இருந்த சனத்துக்கு முன்னாலை வெக்கமாப் போச்சு."

விஜயரத்தினத்தின் பார்வை பொம்மையின் கழுத்திலிருந்து அதன் இடுப்புக்கு இறங்கியது.

கமலாம்பிகை கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "சீ, இவ்வளவுதானே! களவோ, சீட்டுக் காசோ எண்டெல்லோ நான் நினைச்சுப் பயந்தனான். இன்சூரன்ஸ் ஆருக்குத்தான் மறக்கேல்லை? என்ன, ரத்தினம்?"

"ஓம் அக்கா" என்றார் விஜயரத்தினம், நீதவானுக்குச் சொன்னதைவிட மெல்லிய குரலில். "ஆருக்கும் வரும்."

"இவன் உதுகளிலை வலு கவனம், கண்டியளோ. எல்லாம் திகதி தவறாமல் கட்டுவான். இனி இவனைக் கேட்டுச் செய்யுங்கோ." தம்பியின் பக்கம் திரும்பினார். "அக்காவுக்கு ஒருக்கால் வடிவாச் சொல்லிக் குடன்."

விஜயரத்தினம் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு கதை மண்டபத்துக்கும், சாப்பாட்டுக்கும், தைமாதத்து நல்ல நாளுக்கும் போனது. எழும்புகிற நேரத்தில், கலியாணத்துக்குக் கட்டப்போகிற சேலைக்கு ஏற்ற பிளவுஸையும் இங்கேயே தைக்கலாம் என்று கமலாம்பிகை தானாகவே கையைத் தூக்கி நின்றார். ஜெகதீஸ்வரி அளந்தார். அளந்து முடித்ததும் வியாழக்கிழமை பிளாஸ்கை எடுத்து, மூடியிலேயே தேநீர் ஊற்றி, போவதற்கு ஆயத்தமாக நின்ற விஜயரத்தினத்திடம் நீட்டினார்.

"ஒரு மிடறு குடிச்சுக் காட்டுங்கோ."

கமலாம்பிகை அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு, "குடியடா, குடியடா" என்றார். விஜயரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். மூடியை மேசையில் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தினார்.