திராட்சைப் பந்தலில் டிக்டேஷன்

சுருக்கெழுத்து படிக்கப் போன பிறகுதான் ஆங்கிலத்தின் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. காதில் விழும் ஒலிக்கு மட்டும் கோடு போட்டால் போதும். வாயே திறக்காமல் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் ஊமை எழுத்துகளுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் அந்தக் கோடுகளைப் பார்த்துத் திரும்ப ஆங்கிலமாக எழுதும்போது அவை ஒன்றுவிடாமல் வந்தாக வேண்டும். நான் சறுக்குவது அங்கேதான்.

கல்யாணமாகி காமயகவுண்டன்பட்டிக்கு வந்த பிறகும் சுருக்கெழுத்து ஹையர் கிரேடு பரீட்சையை விட மனமில்லை. ஸ்டெனோ வேலைக்கு அது வேண்டும். வாசித்துச் சொல்ல ஆளில்லாததால் என் வீட்டுக்காரரே பொறுப்பேற்றார். சாயங்காலம் திராட்சைப் பந்தலுக்கடியில் அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. டவுட்டை "டவுப்ட்" என்பார், நோவை "க்நோ" என்பார். சிரித்தால், "அச்சடிச்சவன் என்ன கிறுக்கனா, சும்மா போட்டிருப்பானா?" என்று முறைப்பார்.

இதைக் கேள்விப்பட்ட இன்ஸ்டிடியூட் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "பரீட்சையில இப்படியா வாசிப்பாக? போன்ல டிக்டேஷன் போட்டுக் கேட்டு எழுதும்மா."

போனில் கேட்டு எழுதினேன். வேகம் வந்தது. வீட்டுக்காரர் பந்தல் பக்கமே வராமல் மருந்தடிக்கிற மெஷினை நோண்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "அதான் போனு நல்லா பேசுதுல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

போதாததற்கு, திருத்தி வந்த தாளெல்லாம் ஒரே சிவப்பு மை. ஊமை எழுத்துகளைக் காணோம். அவர் வாசித்துத்தான் அவை என் மனதில் தங்கியிருந்தன என்று அப்போதுதான் உறைத்தது. அன்றே புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"வேகத்துக்குப் போன் போதும். எழுத்துக்கு நீங்க வேணும். வாசிங்க."

"ஒனக்குச் சிரிப்பு வருமே?"

"வரும். வாசிங்க."

பரீட்சையில் வாசித்தவரின் ஆங்கிலம் வழுவழுவென்று ஓடியது. கோடு போட்டுவிட்டேன். எழுத உட்கார்ந்ததும் ஒவ்வொரு சொல்லையும் என் வீட்டுக்காரரைப் போலவே முணுமுணுத்தேன். கண்காணிப்பாளர் அம்மா, "என்னம்மா, மந்திரம் ஓதுறியா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் வீட்டுக்காரர் வாசிப்பை நிறுத்தவேயில்லை.

பாஸான செய்தி வந்த சாயங்காலம் வழக்கம்போல அவர் புத்தகத்தோடு பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

"பாஸாயிட்டேன். இனிமே நீங்க வாசிக்க வேணாம்."

சிரித்தார். பிறகு முகம் வாடிவிட்டது. புத்தகத்தை மூடவில்லை.

"வேலைக்குன்னு தனியா ஒரு பரீட்சை வைப்பாகல்ல?"

எனக்கும் அந்தச் சாயங்காலங்களை விட மனசில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.