பதினெட்டாவது தலை

ஆர்டித் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள். ஒரு கையில் முட்டை வைத்த ரொட்டி, இன்னொரு கையில் காப்பி ஜாடி. கார்வின் ஊர் நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் வந்து போகிற உணவகத்தில் அவள் பரிமாற ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாக யாரும் சொல்வதில்லை. "உக்காந்தா கால் மரத்துப் போயிடும், கண்ணு" என்பாள். எழுபது வயதுப் பன்றிப் பண்ணைக்காரரும் அவளுக்குக் கண்ணுதான், ஆதரவு கேட்டு வருகிற செனட்டரும் கண்ணுதான்.

பொறுமை என்பது அவளுக்கு மருந்துக்கும் கிடையாது. அடுப்பு மணி அடிக்கும்வரை காத்திராமல் கதவைத் திறந்துவிடுவாள். தேவாலயத்தில் கடைசிப் பாட்டு முடிவதற்குள் கார் சாவி கைக்கு வந்திருக்கும். கணவன் வெர்லின் பூட்ஸ் கயிறு கட்டுவதற்குள் வாசலில் இன்ஜின் உறுமும். தானியக் கிடங்கில் எடை மேடையைப் பார்த்துக்கொள்கிற வெர்லினோ, வீடு பற்றி எரிந்தாலும் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவான். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுகிறார்கள் என்று பேசிப் பேசி ஊருக்கே அலுத்துவிட்டது.

இந்தக் குளிர்காலத்தில் அவளுடைய பரபரப்பு முழுவதும் ஆளுநர் ஹாஸ்கின்ஸ் என்ற அம்மாளுக்காகச் செலவானது. ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்ற போட்டியில் அந்த அம்மாள் பின்வரிசை. ஆனால் மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடியதைப் பற்றி கார்வினுக்கு வந்து விசாரித்தவர் அவர் ஒருவர்தான். ஆர்டித்துக்கு அது போதும். போன வருஷம் பனிப்புயலில் அவள் மகள் ஷெல்பிக்கு வலி எடுத்து, பக்கத்து மாவட்டத்துக்குப் போகிற வழியில் வண்டியிலேயே பிரசவமாகிவிட்டது. அந்தக் கதையை ஆர்டித் வீடு வீடாகச் சொன்னாள். "நடு ரோட்டுல, கண்ணு! பேரன் வந்த வேகத்துல வீல்னு கத்தினான் பாரு, புயலே பயந்து அடங்கிப் போச்சு!" கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கட்சிக் கூட்டம். அங்கே வாக்குச்சீட்டு என்பதே இல்லை. யாரை ஆதரிக்கிறோமோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். வந்த கூட்டத்துக்கு, ஒரு மூலை பிழைக்கப் பதினெட்டுத் தலை வேண்டும். பிழைத்த மூலையிலிருந்து மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதி போவார். அங்கிருந்து மாநில மாநாடு, அதற்கு மேலே வேட்பாளரை முடிவு செய்கிற தேசிய மாநாடு. பிழைக்காத மூலை கலைந்து, மற்ற மூலைகளில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஹாஸ்கின்ஸ் மூலையில் எண்ணிப் பார்த்தபோது பதினேழு பேர் இருந்தார்கள்.

கூட்டத்தை நடத்திய மல்யுத்தப் பயிற்சியாளர் டெரில் விசிலை ஊதினார். "கால் மணி நேரம் தரேன்! மாறுறவங்க மாறிக்கலாம்!"

ஆர்டித்துக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர் மூலைக்கு ஓடி, டயர் கடைக்காரர் கால்வினின் கையைப் பிடித்தாள்.

"வா கண்ணு, இங்க வேணுங்கிறதுக்கு மேலயே ஆள் இருக்கு. ஒருத்தர் போனா இவங்களுக்கு ஒண்ணும் குறையாது."

"அம்மா தாயே, ஆளை விடு. உன் காப்பிக்காக வேணா வரேன், உன் ஆளுநருக்காக வர மாட்டேன்."

"அந்தக் காப்பியில நாளைக்கு உப்பு போடறேன் பாரு!"

கால்வினின் மனைவி மறு கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆர்டித் நூலகரிடம் ஓடினாள், நடக்கவில்லை. பாதிரியாரின் தங்கையிடம் ஓடினாள், அந்த அம்மாள் பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிட்டாள். மூச்சு வாங்கத் தன் மூலைக்குத் திரும்பியபோது தோழி தெல்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரெல்லாம் சுத்துறியே, உன் வீட்டுக்காரர் அங்க உக்காந்திருக்காரே, தெரியலையா?"

பதினேழில் ஒருவன் வெர்லின் என்றே ஆர்டித் நினைத்திருந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அவன், 'இன்னும் முடிவு செய்யாதவர்கள்' என்று ஒட்டியிருந்த மூலையில், முழங்கால்மேல் தொப்பியை வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தான்.

"இங்க என்ன பண்ற நீ? எழுந்திரு, ஒரு தலைதான் குறையுது!"

"நான் வரல ஆர்டி."

"வரலையா? ஷெல்பி பட்ட பாடு மறந்து போச்சா?"

"மறக்கத்தான் பாக்கறேன். அங்க நின்னா நீ மறுபடி அந்தக் கதையைச் சொல்லுவ." தொப்பியின் விளிம்பைத் தடவினான். "அன்னிக்கு வண்டி ஓட்டினது நான்."

"அதான் எல்லார்கிட்டயும் சொல்றேனே, என் வீட்டுக்காரர்தான்..."

"அவன் கத்தலை, ஆர்டி."

அன்று அவள் உணவகத்தில் வேலையில் இருந்தாள். 'பையன். நல்லா இருக்கான்' என்று வெர்லின் போனில் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை அவளே போட்டு நிரப்பிக்கொண்டாள். ஊரில் இத்தனை கதவுகளைத் தட்டியவள், இவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ரெண்டு நிமிஷம்!" என்றார் டெரில். தெல்மா தூரத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். கையைப் பிடித்து இழுத்தால் வெர்லின் எழுந்து வந்துவிடுவான். அது ஆர்டித்துக்கு நன்றாகத் தெரியும். இழுத்தால் பதினெட்டு.

"அப்புறம்?" என்று கேட்டாள்.

"நீலம் பாரிச்சிருந்தான். என் சட்டையைக் கழட்டித் தேச்சேன். ஷெல்பி பின்னாலேர்ந்து, ஏம்ப்பா சத்தமே இல்ல, ஏம்ப்பா சத்தமே இல்லன்னு கேட்டுட்டே இருந்தா. தூங்கறாம்மான்னு சொன்னேன். செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டுதான் அப்படிச் சொன்னேன். அப்ப எனக்கு..."

வார்த்தையைத் தேடினான். விசில் ஒலித்தது.

"ஆர்டித்! பதினெட்டு ஆச்சா இல்லையா? எண்ணப் போறேன்!"

அவள் திரும்பவில்லை. வெர்லின் முகத்தைப் பார்த்தபடியே, பின்னால் கேட்ட குரலை நோக்கி, பொறு என்பதுபோல் உள்ளங்கையை உயர்த்தினாள். அந்தக் கை இறங்கவில்லை.