வாப்பாவின் ஆம்பல்

முற்றத்து ஆம்பல் தொட்டியில் பாசி வாடை அடித்ததும் வாப்பாதான் நினைவுக்கு வந்தார். எழுபதுகளின் கடைசி. சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு, உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். தன் ஊர்க் குளத்து ஆம்பல் கிழங்கொன்றைக் கொண்டுவந்து கிணற்றடித் தொட்டியில் நட்டிருந்தார். ஊர் ஞாபகமாக அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வயல்காரர் அல்லவா, நெல் வேளாண்மைக்கு எறிவதுபோல அதற்கும் இரண்டு கை யூரியா எறிந்துவிட்டார். சில நாளில் தண்ணீர் பச்சையாகி, இலைகள் அழுகத் தொடங்கின.

"குளத்துல ஆருங்க யூரியா எறிஞ்ச?" என்று உம்மா சிரித்தார். வாப்பா பாதிச் சோற்றில் எழும்பிவிட்டார்.

அடுத்த நாள் அவர் வயலுக்குப் போனதும் உம்மா தொட்டியை வாளி வாளியாக இறைத்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் தெளியும்வரை தினமும் அதே வேலை. "வாப்பாக்கிட்ட வாய் திறந்தியோ, தெரியும்" என்று எனக்கு மிரட்டல் வேறு.

ஒரு மாதம் கழித்து வெள்ளைப் பூ விரிந்தது. வாப்பா எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா புள்ள, யூரியாட வேலய!"

"ஓம் ஓம்" என்றார் உம்மா, என் கையைக் கிள்ளியபடி.

இன்று மருமகன் தொட்டியை எட்டிப் பார்த்தார். "மாமி, நான் போட்ட யூரியாப் பசளை பிடிக்குது போல."

"ஓம் மகன்" என்றேன். அவர் கடைக்குப் போகட்டும். வாளியை எடுத்து வைத்துவிட்டேன்.