பீலிக்குள் கிடந்த சிவப்புச் சேலை

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் மாதம், ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். மெல்பேர்னுக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருக்கும் த பேசின் என்ற ஊரில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒன்றரை வருடம். மகளுக்கு ஐந்து மாதம்.

அங்கே கோடையில் காட்டுத்தீப் பயம். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் இருந்து கீழே இறங்கும் குழாய்களைத் துணியால் அடைத்து, பீலி நிறையத் தண்ணீர் விட்டு வைப்பார்கள். தீப்பொறி பறந்து வந்தாலும் கூரை பற்றாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி இதைச் சொன்னபோது என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். அவள்தான் ஏறி அடைத்தாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன்.

மே மாதம் அவள் தன் கூரையில் ஏறி, விலகிய ஓடுகளைச் சரிசெய்து, பீலியில் கிடந்த இலைகளை வாளி வாளியாக அள்ளினாள். குளிருக்கு முன் எங்கள் பீலியையும் துப்புரவாக்கி, துணிகளை எடுத்துவிடச் சொன்னாள். ஐஸ் விழுந்தால் தண்ணீர் போக வழி வேண்டுமாம். ஏணியும் தருவதாகச் சொன்னாள்.

கணவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

“ஐஸோ? அது ஃபிரிட்ஜுக்குள்ளதான் இருக்கும். ஆளொண்டைப் பிடிச்சுச் செய்விப்பம். இஞ்சினியர் கூரையில ஏறி நிண்டா ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“ஓம், அதுவும் சரிதான்” என்றேன் நானும். ஊரில் கூப்பிட்டால் கூரை ஏற ஆள் வருவார். இங்கும் வருவார் என்று மூன்று மாதம் இருந்துவிட்டோம். ஒருவரையாவது தேடினோமா என்று கேட்காதீர்கள்.

அன்று பின்னேரம் வானம் இருண்டு, ஓட்டில் யாரோ கல்லை அள்ளிக் கொட்டுவதுபோலச் சத்தம். ஆலங்கட்டி! கால்மணி நேரத்தில் புல், வேலி, பாதை எல்லாம் வெள்ளை. அப்படி ஓர் அழகை நான் அதுவரை கண்டதில்லை. வாய் பிளந்து நின்றேன். கல் ஓய்ந்து மழையானதும், தூங்கும் மகளை அறையில் விட்டுவிட்டு, கணவருக்குக் காட்ட ஒரு சட்டியில் ஐஸ் அள்ள வெளியே ஓடினேன். கை விறைத்தும் விடவில்லை. பைத்தியக்காரி.

வேலிக்கு அப்பால் இருந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். நிமிர்ந்து பார்த்தால், என் வீட்டுப் பீலி முழுக்க ஐஸ். தண்ணீர் விளிம்பால் வழிந்தது, மீதி ஓட்டுக்கு அடியால் வீட்டுக்குள் திரும்பியது.

“பிள்ளை எங்கே?” என்றாள்.

சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். தொட்டிலுக்கு நேர் மேலே சீலிங் வயிறு தள்ளித் தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, குசினி வாசலைக்கூட எட்டவில்லை, பின்னால் பெரிய சத்தம். திரும்பிப் பார்த்தேன். தொட்டிலுக்குள் ஈரச் சாந்தும் பலகைத் துண்டுகளும் கிடந்தன. பிள்ளையோடு வெளியே ஓடினேன்.

அவள் மழையில் ஏணியின் உச்சியில் நின்றாள். கையுறை இல்லை. இரண்டு கையாலும் ஐஸை வாரி வாரி எறிந்தாள். பிறகு பீலிக்குள், குழாயின் வாயில் கையை விட்டு எதையோ இழுத்தாள். வந்தது என் சிவப்புச் சேலைத்துண்டு. குழாயில் தண்ணீர் இரைந்து இறங்கியது.

இறங்கி வந்தவளின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “டீ இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கணவர் அவளிடம் ஏணி கேட்டுப் போனார்.

“நான் ஏறுறன். ஏணியை நீர் பிடியும்” என்றார்.

“ஓம், அடுத்த பக்கம் நான் ஏறுவன்” என்றேன்.

மகள் இப்போது தன் வீட்டுக் கூரையில் தானே ஏறுகிறாள். ஒவ்வொரு மே மாதமும் கீழே நின்று அவளுடைய ஏணியைப் பிடிக்கும்போது, ஐஸ் அள்ளிக்கொண்டு நின்ற என்னிடம் பிள்ளை எங்கே என்று கேட்ட அந்தப் பெண்ணை நினைக்கிறேன். அவள் கேட்டிராவிட்டால் இன்று இந்த ஏணியில் ஏற யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.